மொட்டைக் கடிதமும் முகநூலும்

நம் ஊர்களில் மொட்டைக் கடிதம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை. பெண் பார்த்துச் சென்ற வீட்டாருக்கு ஒன்று வரும்; பேசி முடித்த திருமணம் நின்றுபோகும். பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒன்று வரும். புதிதாகப் பணியேற்ற ஆசிரியையை அன்று முதல் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பர். பங்குத்தந்தையின் மேசைக்கும் அது வந்ததுண்டு. எழுதியவர் பெயர் இராது. இடக்கையால் எழுதியது போன்ற கோணல் எழுத்தும், உறையின்மேல் பாதி அழிந்த அஞ்சல் முத்திரையுமே அதற்குரிய அடையாளங்கள். எனினும் அக்கடிதத்தைப் படித்தவர் நாலு பேர், கேட்டவர் பத்துப் பேர் என்ற அளவில் தீமை நின்றுவிடும். இன்று அதே கை ஒரு பொய்ப்பெயரில் கணக்கைத் தொடங்குகிறது. ஒரு பெண்ணின் படத்தை எடுத்து ஒட்டுகிறது. அவள் தொலைபேசி எண்ணையும் கீழே எழுதுகிறது. படிப்பவர் எத்தனை பேர் என்பதை எழுதியவனும் அறியான்.

இக்கொடுமைக்கு எதிராக நம் நாட்டுச் சட்டம் நடந்து வந்த வழியை நாம் இங்கே சற்றுத் திரும்பிப் பார்க்க விரும்புகிறோம். ஆண்களும் இதற்கு ஆளாகின்றனர் என்பதை மறக்கவில்லை. ஆயினும் வழக்கேடுகளில் காணப்படும் வரலாறு பெரிதும் பெண்களின் வரலாறாகவே இருக்கிறது.

மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862ஆம் ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் மொட்டைக் கடிதத்தை அறிந்தே இருந்தது. அதன் 507ஆம் பிரிவு, தன் பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்துக்கொண்டு ஒருவரை மிரட்டுபவனுக்கு, மிரட்டலுக்குரிய தண்டனையோடு மேலும் ஈராண்டு வரை சிறை விதிக்க இடமளித்தது. மறைந்து நின்று அடிப்பவன் நேரில் நின்று அடிப்பவனினும் கொடியவன் என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வுண்மை எழுதப்பட்டது என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

அதே சட்டத்தின் 509ஆம் பிரிவு பெண்ணின் நாணத்தை இழிவுபடுத்தும் சொல், சைகை, செயல் ஆகியவற்றைப் பற்றியது. தொடக்கத்தில் இதற்குரிய தண்டனை ஓராண்டு வரையிலான வெறுங்காவலே. இதன் வாசகத்தை ஊன்றிப் படித்தால் இரண்டு செய்திகள் புலப்படும். சொல் அப்பெண்ணின் செவியில் விழவேண்டும், அல்லது சைகை அவள் கண்ணில் படவேண்டும் என்ற நோக்கம் தேவை என்பது ஒன்று. சட்டம் காக்க முனைந்தது அவளுடைய நாணத்தையேயன்றி அவளுடைய விருப்பத்தை அன்று என்பது மற்றொன்று. அவள் 'வேண்டாம்' என்று சொன்னாளா என்ற கேள்வியே அதில் எழவில்லை. இவ்விரண்டும் பின்னாளில் பெருந்தடைகளாயின.

நூறாண்டுகளுக்கு மேலாக இந்நிலை பெரிதும் மாறவில்லை. 1998 ஜூலையில் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலுக்கு ஆளாகிக் கீழே விழுந்து உயிர் நீத்தார். நகரமே கொதித்தது. தமிழக அரசு உடனே அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதுவே அவ்வாண்டில் ஈவ்டீசிங் தடைச் சட்டமாயிற்று. பின்னர் இது பெண்களுக்கெதிரான துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயர் பெற்றது. 'ஈவ்டீசிங்' என்ற அந்தச் சொல் குற்றத்தை விளையாட்டாக்கிக் காட்டியது என்பதால் பெயர் மாற்றம் பொருத்தமானதே. அச்சட்டம் குற்றம் நிகழக்கூடிய இடங்களை வரிசையாக எடுத்துரைத்தது: கல்வி நிலையம், கோயில் முதலிய வழிபாட்டு இடங்கள், பேருந்து நிறுத்தம், சாலை, இரயில் நிலையம், திரையரங்கு, பூங்கா, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம். நம் ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு நாளில் நடக்கும் வழி முழுவதும் அப்பட்டியலில் அடங்கிவிட்டது எனலாம். அவள் வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டுவிட்டால் பாதுகாப்பு என்பதே அதன் உட்கருத்து.

ஆனால் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1995 ஆகஸ்டு 15ஆம் நாள், இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டிருந்தது. தாழிட்ட கதவு அதன்பின் பயன்படவில்லை.

2000ஆம் ஆண்டையொட்டி டில்லியில் ஒரு பெண்ணுக்கு வேளை கெட்ட வேளையில் முன்பின் அறியாத ஆண்களிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் வரலாயின. யாரோ ஒருவன் இணைய அரட்டை அறையில் அப்பெண்ணாகவே நடித்துப் பேசி, அவள் எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொல்லியிருக்கிறான். இந்தியாவில் இணையவழிப் பின்தொடர்தலுக்காகப் பதிவான முதல் வழக்காக இதையே சட்ட நூலார் குறிப்பர். காவல்துறைக்குக் கிடைத்த ஆயுதமோ பழைய 509ஆம் பிரிவு ஒன்றே. இங்கேதான் முன்னர்க் கூறிய தடை வெளிப்பட்டது. அவன் அப்பெண்ணிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளாக நின்று பிறரிடம் பேசினான். அவள் செவியில் விழவேண்டும் என்ற நோக்கத்தை எங்ஙனம் நிறுவுவது? பெயரையே திருடிக்கொண்டு ஒருவன் பேசுவான் என்பதை 1860இன் சட்டம் கனவிலும் கண்டதில்லை.

2000 அக்டோபர் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டமும் இதற்காகப் பிறந்ததன்று. மின்னணு ஒப்பந்தம், மின்னணுக் கையொப்பம் முதலிய வணிகத் தேவைகளே அதன் முதன்மை நோக்கம். ஆபாசமானவற்றை மின்னணு வடிவில் வெளியிடுதலைத் தண்டிக்கும் 67ஆம் பிரிவு மட்டும் இத்துயருக்குச் சிறிது இடமளித்தது. அந்தச் சிறு கதவைத் தட்டித் திறந்த பெருமை சென்னை எழும்பூர் நீதிமன்றத்துக்கு உரியது.

அவ்வழக்கைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். மணமுறிவு பெற்ற பெண் ஒருவரைப் பற்றி யாஹூ செய்திக் குழு ஒன்றில் இழிவான செய்திகள் வெளிவந்தன. அவர் பெயரிலேயே பொய்யான மின்னஞ்சல் கணக்கும் தொடங்கப்பட்டிருந்தது. அச்செய்திகளை மெய்யென நம்பியவர்கள் அவரை அழைத்துத் தொல்லை தந்தனர். 2004 பிப்ரவரியில் அவர் சென்னைக் காவல்துறையிடம் புகார் அளித்தார். சில நாள்களிலேயே மும்பையில் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் வேற்றாள் அல்லர், குடும்பத்துக்கு அறிமுகமானவர், அப்பெண்ணை மணக்க விரும்பியவர். அப்பெண் வேறொருவரை மணந்து, அம்மணம் முறிந்தபின் மீண்டும் அவரைத் தொடர்புகொண்டு, மறுக்கப்பட்டவர். மொட்டைக் கடிதம் எழுதுபவரும் பெரும்பாலும் நம் வாசற்படி ஏறிக் காப்பி குடித்துச் சென்றவராகவே இருப்பார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அம்மின்னஞ்சல்களை முன்னாள் கணவர் அனுப்பியிருக்கலாம், புகார் கொடுத்தவரே அனுப்பியிருக்கவும் கூடும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இவ்வாதத்தை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். இத்தகைய வழக்குகளில் இது தவறாமல் எழும். இணைய மையம் நடத்தியோர் சாட்சியம் அளித்தனர். மின்னணுச் சான்றை மெய்ப்பிக்க வல்லுநர் ஒருவரும் சாட்சிக் கூண்டேறினார். 2004 நவம்பர் 5ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மூன்று பிரிவுகளில் குற்றம் உறுதியாயிற்று: ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் நோக்குடன் போலி ஆவணம் உருவாக்குதல் பற்றிய 469ஆம் பிரிவின்கீழ் ஈராண்டு கடுங்காவல், 509இன்கீழ் ஓராண்டு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் ஈராண்டு. இவற்றை ஒருங்கே அனுபவிக்கவேண்டும் என்பது தீர்ப்பு. 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை இதுவே என்பர். குற்றப்பத்திரிகை அளித்து எட்டு மாதம் ஆகுமுன் தீர்ப்பு வந்தது என்பது தண்டனையினும் பெரிய செய்தியாக நமக்குத் தோன்றுகிறது.

இதன்பின் சட்டம் நேர்வழியில் நடந்ததா என்றால், இல்லை. 2008இல் நிறைவேறி 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சில நல்ல பிரிவுகளைச் சேர்த்தது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுத்துப் பரப்புதலை 66ஈ என்ற பிரிவும், வெளிப்படையான பாலியல் காட்சிகளைப் பரப்புதலை 67ஏ பிரிவும், குழந்தைகளைப் பாலியல் வகையில் காட்டுதலை 67பி பிரிவும் தண்டித்தன. ஆனால் அத்துடன் 66ஏ என்ற பிரிவும் வந்தது. 'பெரிதும் புண்படுத்துவது', 'எரிச்சலூட்டுவது', 'இடையூறு செய்வது' என்றெல்லாம் எல்லையற்ற சொற்களால் அது எழுதப்பட்டிருந்தது. இணையத்தில் இழிவுபடுத்தப்பட்ட பெண்களும் அப்பிரிவை நாடினர். அவர்களைவிட விரைவாக அதை நாடியவர்கள் அதிகாரத்தில் இருந்தோர். 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர் ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காகக் கைதானார். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில், தலைவர் ஒருவரின் மறைவையொட்டி ஊர் அடைக்கப்பட்டதைப் பற்றி முகநூலில் எழுதியமைக்காக ஒரு பெண்ணும், அதை விரும்பியமைக்காக அவள் தோழியும் கைதாயினர். பெண்களைக் காக்க வேண்டிய பிரிவு பெண்களையே சிறைப்படுத்தியது.

ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24ஆம் நாள் நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் அப்பிரிவை முற்றாக நீக்கினர். அது சரியான தீர்ப்பே என்பது நம் எண்ணம். கருத்துக்குத் தண்டனையும் துன்புறுத்தலுக்குத் தண்டனையும் ஒரே சொல்லில் அடங்கா. விந்தை என்னவெனில், மாண்ட அப்பிரிவின்கீழ்க் காவல் நிலையங்கள் பல ஆண்டுகள் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. இனி அதன்கீழ் எவர்மீதும் வழக்குத் தொடரலாகாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

உண்மையான திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 2012 டிசம்பரில் டில்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப்பின், நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் ஆகியோரைக் கொண்ட குழு 29 நாள்களில் தன் அறிக்கையை அளித்தது. அதையொட்டி வந்த 2013ஆம் ஆண்டுத் திருத்தம், பின்தொடர்தலை 354டி என்ற தனிக்குற்றமாக்கியது. தனக்கு நாட்டமில்லை என்று ஒரு பெண் தெளிவாக உணர்த்திய பின்னும் மீண்டும் மீண்டும் அவளைத் தொடர்வதும், தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். இணையத்தையோ மின்னஞ்சலையோ வேறு மின்னணுத் தொடர்பையோ அவள் பயன்படுத்துவதைக் கண்காணிப்பதும் குற்றம். அவன் ஆபாசமாகப் பேசியிருக்க வேண்டியதில்லை, மிரட்டியிருக்க வேண்டியதில்லை. காலைதோறும் வணக்கம் சொல்லி மலர்ப்படம் அனுப்பினாலும், அவள் வேண்டாம் என்றபின் அனுப்பினால் அது தொல்லையே. 1860இல் நாணத்தைக் காத்த சட்டம், ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவளுடைய மறுப்பை மதிக்கக் கற்றுக்கொண்டது. காதலித்தவள் மறுக்க மறுக்கப் பின்னால் சென்று, கடைசியில் அவள் மனத்தை வெல்லும் நாயகர்களைத் திரையில் கண்டு கைதட்டிய நமக்கு இது எளிதில் விளங்காமல் போவதில் வியப்பில்லை.

ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. முதல் முறை செய்த குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை என்றாலும் அது பிணையில் விடத்தக்கதாகவே வைக்கப்பட்டது. இரண்டாம் முறை தண்டிக்கப்படும்போதுதான் ஐந்தாண்டு வரையிலான சிறையும் பிணை மறுப்பும் வருகின்றன. 2024 ஜூலை முதல் நாள் பழைய சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா எடுத்துக்கொண்டபோது, இக்குற்றம் 78ஆம் பிரிவாயிற்று. குறையும் அப்படியே உடன் வந்தது. பழைய 507 இன்று 351ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு. 78ஆம் பிரிவு பெண்ணுக்கு மட்டுமே உரியதாகையால், துன்புறும் ஆடவர் மிரட்டல், அவதூறு பற்றிய பிரிவுகளையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் நாடவேண்டியிருக்கிறது.

சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் கைக்கு எட்டுவதற்கும் உள்ள தொலைவை 2016 ஜூனில் சேலம் மாவட்டம் கண்டது. இளம்பெண் ஒருவரின் முகத்தை வேறு உடலோடு ஒட்டிய படம் முகநூலில் வெளியாயிற்று. தந்தை காவல்துறையிடம் சென்றார். படம் உடனே அகலவில்லை. அயல்நாட்டு நிறுவனத்திடமிருந்து விவரம் வர நாள்கள் ஆகும் எனப்பட்டது. சில நாள்களில் அப்பெண் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். தாம் எவருக்கும் தம் படத்தை அனுப்பவில்லை, தம்மை நம்பவேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். அந்த ஜூன் மாதத்தில் 354டி நடைமுறையில் இருந்தது. 67ஆம் பிரிவும் இருந்தது. ஊரின் நாவும் வீட்டின் ஐயமும் சட்டத்தைவிட விரைவாக வந்து சேர்ந்தன.

இத்துயரங்களின் பின்னணியில்தான் காலக்கெடு பற்றிய எண்ணம் வலுப்பெற்றது. 2021 பிப்ரவரியில் வகுக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், சமூக ஊடக நிறுவனங்கள் குறைதீர் அலுவலரை அமர்த்தவேண்டும் என்றும், அந்தரங்கப் படம், பாலியல் காட்சி, ஒட்டிப் பொய்யாக்கிய படம் ஆகியவை குறித்துப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ முறையிட்டால் 24 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் விதித்தன. அலுவலரின் முடிவு நிறைவளிக்காவிடில் முறையிட 2023இல் மேல்முறையீட்டுக் குழுக்கள் அமைந்தன. நீதிமன்றம் செல்லாமலே ஒரு படத்தை இறக்கச் செய்யலாம் என்ற இவ்வழியை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்?

ஆகவே வழியை வரிசையாக அன்றி, தேவையான அளவு சொல்லி வைக்கிறோம். பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதே பலர் செய்யும் பிழை. அழித்தது நாணத்தைக் காக்காது, குற்றவாளியையே காக்கும். செய்தியையும் படத்தையும், அவை வெளியான கணக்கின் முகவரியையும் நாளையும் நேரத்தையும் பதிந்து வைக்கவேண்டும். அந்தக் கைப்பேசியையும் விற்றுவிடாமல் வைத்திருக்கவேண்டும். மின்னணுச் சான்றோடு அதன் மெய்ம்மைக்கான சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. எழும்பூர் வழக்கில் வல்லுநர் ஏறிய கூண்டை நினைவில் கொள்க. எல்லை எங்களுடையதன்று என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பியனுப்பலாகாது. மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையொப்பமிட்டால் அது பதிவாகும். நிலைய அலுவலர் மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதன்பின்னும் அசையாவிடில் நீதித்துறை நடுவரை அணுகலாம். மத்திய உள்துறை அமைச்சகம் 2019இல் முழுமையாகத் திறந்த தேசிய இணையக்குற்றப் புகார்த் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான சில குற்றங்களைப் பெயர் கூறாமலும் தெரிவிக்கலாம். பெயர் மறைப்பு இதுகாறும் அடிப்பவனுக்கே துணை நின்றது. இங்கே அது அடிபட்டவருக்கும் கிடைத்திருக்கிறது.

தண்டனைச் சட்டத்தோடு மற்றொரு நூலிழையும் சேர்ந்து வந்தது. 1994இல் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்ததால் எழுந்த ராஜகோபால் வழக்கில், ஒருவர் தம் போக்கில் தனித்து விடப்படும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தனர். படத்தை அகற்றுமாறு அரசையே நீதிமன்றத்துக்கு இழுக்க இத்தீர்ப்பு வழி திறந்தது.

அவ்வழியே 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வந்தார். அவரே வழக்கறிஞர். முன்னர் நெருங்கிப் பழகிய ஒருவரால் பதிவு செய்யப்பட்ட அவருடைய அந்தரங்கக் காட்சிகள் பல தளங்களில் பரவியிருந்தன. சட்டம் கற்றவருக்கே இந்நிலை என்றால் மற்றவர் என்ன செய்வர் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வருந்தினார். 48 மணி நேரத்துக்குள் அவற்றை அகற்ற மத்திய அமைச்சகத்துக்கு ஆணையிட்டார். அகற்றப்பட்டன. சில நாள்களில் அவை வேறு தளங்களில் மீண்டும் தோன்றிவிட்டன என்று அதே நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நீதிமன்றம் வழக்கை முடித்துவிடவில்லை. இனி வரும் பெண்களுக்கும் பயன்படும் வழிமுறை ஒன்றை வகுக்குமாறு அமைச்சகத்தைக் கேட்டது. அவ்வாண்டு நவம்பரில் அது வகுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் எங்கெங்கு முறையிடலாம், ஒருமுறை அகற்றிய காட்சி மீண்டும் ஏறாமல் நிறுவனங்கள் எங்ஙனம் தடுக்கவேண்டும் என்பவை அதில் எழுதப்பட்டுள்ளன. அப்பெண்ணின் பெயர் நீதிமன்ற ஆவணங்களில் ஓர் ஆங்கில எழுத்தாக மட்டுமே நிற்கிறது.